கினிகத்தேனை ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்கு

தலவாக்கலை

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் வாங்கப் பார்க்கும் ஹைபிரிட் வண்டிகளின் (பெற்றோல் எஞ்சினோடு பெற்றறியும் மின்மோட்டாரும் உள்ளவை) படங்களை மாப்பிள்ளை அனுப்பினார், எல்லாம் பார்த்தேன். எல்லாம் கழுவித் துடைத்துக் கடற்கரையோரமாக நிற்கின்றன. ஒன்றிலாவது சேறு இல்லை. அதனால் சேறு பட்ட வண்டி வைத்திருப்பவர்களை நானே தேடிப் போய் விசாரித்தேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே "சரி அம்மா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவாய். ஆகவே எழுதுகிறேன். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது. இடையில் பெற்றோல் வரிசையையும் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுத்த கியூ.ஆர். அட்டையையும் பார்த்த சனம் நாம். அதனால்தான் வண்டி என்றதும் எல்லோரும் முதலில் "லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் சின்ன ஜீப் ஒன்றுக்கே கோடிக்கு மேல் கொடுக்கப் போகிறவள், அந்த வண்டி எந்த வீதியில் ஓடி அந்தக் கணக்கைக் கொடுத்தது என்றும் கேட்க வேண்டும். நான் விசாரித்தவர்கள் ஒரே வகை வண்டியைப் பற்றி ஒன்றுக்கொன்று நேர்மாறாகப் பேசினார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பாதை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை ஆசைப்படும் டொயோட்டா ரைஸ் ஹைபிரிட்டில் இருந்து தொடங்குகிறேன். நானுஓயாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் உன் சித்தப்பா மகன் அதைத்தான் வைத்திருக்கிறான். 2021 நவம்பரில் ஜப்பானில் வந்த வண்டி. நீளம் 3,995 மில்லிமீட்டர், அகலம் 1,695. வட்டமடிக்க ஐந்து மீட்டர் ஆரை போதும். றம்பொடை வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் இந்த அளவின் அருமை தெரியும் என்கிறான். அடிப்பாகம் தரையில் இருந்து 185 மில்லிமீட்டர் உயரம். நம் வீட்டுக்கு வரும் தோட்டப் பாதையின் கற்களுக்கு அது போதும் என்று ஏறி வந்தே காட்டினான்.

அதன் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. 1.2 லீட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின் மின்சாரம் மட்டும் உண்டாக்குகிறது, சக்கரத்தைச் சுழற்றுவது 78 கிலோவொட் மோட்டார். கொழும்பு நெரிசலுக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு இல்லை. நின்று நின்று போகும் காலி வீதியில் எஞ்சின் பாதி நேரம் தூங்கும். ஆனால் கித்துல்கல தாண்டி ஏறத் தொடங்கியதும் கதை மாறுகிறது. ஏற்றம் நீளமானது, பெற்றறி சின்னது. சேமித்தது தீர்ந்த பிறகு எஞ்சின் அந்தந்த நேரத்துக்கு உண்டாக்குவதைத்தான் மோட்டார் சாப்பிட முடியும். எஞ்சினின் உச்சமோ 60 கிலோவொட். ஐந்து பேரும் பைகளுமாக ஏறினால் எஞ்சின் ஒரே சுருதியில் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே வரும். "சத்தத்துக்குப் பழகிவிட்டேன் பெரியம்மா, ஆனால் ஏற்றத்தில் லொறியை முந்த நினைக்க மாட்டேன்" என்றான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்று மெலிந்து, டர்போ (காற்றை அமுக்கி ஊட்டும் கருவி) இல்லாத எஞ்சினின் வலு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. கொழும்பில் ஓட்டிப் பார்த்து "நல்ல இழுவை" என்று சொல்வது கொழும்புக்குத்தான் பொருந்தும்.

இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுற்றிப் பெற்றறியை நிரப்பும். அதைப் பற்றித்தான் அதிகம் பேர் பிழையாகச் சொல்கிறார்கள். "ஏறும்போது குடித்ததை இறங்கும்போது திருப்பித் தந்துவிடும்" என்று ஹட்டனில் ஒருவர் ஆணையிட்டே சொன்னார். விஞ்ஞானம் படிப்பித்தவளிடம் அப்படிச் சொன்னால் விடுவேனா? பழைய கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆட்களோடு வண்டி 1,250 கிலோ என்று வை. அது 200 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் அழுத்த சக்தி (உயரத்தால் அதற்கு இருக்கும் சக்தி) ஏறத்தாழ 24½ இலட்சம் யூல். மின்சாரப் பில் கணக்கில் ஓர் அலகில் மூன்றில் இரண்டு பங்கு. இந்தச் சின்ன ஹைபிரிட்டுகளின் பெற்றறி முழுவதுமே ஓர் அலகுக்குக் குறைவு. அதையும் அடியில் இருந்து நுனிவரை நிரப்ப வண்டி விடாது. டயரும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், இருநூறு முந்நூறு மீட்டர் இறங்குவதற்குள் பெற்றறி நிரம்பிவிடும். நுவரெலியாவில் இருந்து கம்பளைக்கு இறங்கினால் ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல். மிச்சம் எங்கே போகும்? வெப்பமாகித்தான் போகும்.

பெற்றறி நிரம்பியதும், அக்சிலறேற்றரில் இருந்து காலை எடுத்திருக்கும்போதே எஞ்சின் திடீரென்று இரையத் தொடங்கும். வண்டி கெட்டுவிட்டது என்று பயந்து வீதியோரம் நிறுத்தியவர்கள் உண்டு. கெடவில்லை. மிஞ்சிய மின்சாரத்தைச் செலவழிக்க வண்டி தன் எஞ்சினைத் தானே சுற்றிக்கொள்கிறது. பல ஹைபிரிட்டுகளில் 'பி' என்று ஒரு கியர் நிலை இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் அதைப் போட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொடுக்கும், பிரேக் காய்ந்து மணக்காது. மாப்பிள்ளை கொழும்பில் அதைத் தொட்டே இருக்க மாட்டார். இங்கே வரும்போது தொட வேண்டும் என்று சொல்.

அடுத்து, பண்டாரவளையில் இருக்கும் என் பழைய சக ஆசிரியையின் டொயோட்டா யாரிஸ் குரோஸ் ஹைபிரிட். ஜப்பானில் 2020இல் வந்தது. 1.5 லீட்டர் எஞ்சின், அதுவும் மூன்று சிலிண்டர்தான். ஆனால் இதில் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து சக்கரத்தை இழுக்கின்றன. ஏற்றத்தில் ரைஸைவிட அலுப்பில்லாமல் ஏறுகிறது. அவளோடு அப்புத்தளை வரை போய் வந்தேன். அவளுடைய குறை பின் இருக்கை. அவளின் கணவர் உயரமானவர், பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது. நீளம் 4,180, அகலம் 1,765, தரை இடைவெளி 170. இதெல்லாம் ஜப்பானிலேயே விற்கும் யாரிஸ் குரோஸின் அளவு. தென்கிழக்காசியாவில் விற்பது அதே பெயரில் வேறு உடம்பு, இன்னும் நீளம். விளம்பரத்தில் பெயரை மட்டும் பார்த்து அளவை நம்பாதே.

நாலு சக்கரமும் இழுக்கும் வகை வேண்டுமா என்று கேட்டிருந்தாய். ரைஸ் ஹைபிரிட்டில் அது கிடையாது, முன்சக்கர இழுவை மட்டும்தான். யாரிஸ் குரோஸில் உண்டு. ஆனால் பின்சக்கரத்துக்கு இருப்பது 3.9 கிலோவொட் மோட்டார். வழுக்கும் இடத்தில் கிளம்பத் தள்ளிக் கொடுக்கும், மலை ஏற்றாது. நம் பாதையில் பாசி பிடித்த கொங்கிறீட் இருபதடி தூரம்தான். அதற்காக மேலதிகமாகப் பணம் கொடுக்காதே. நல்ல டயர் போடு.

பழைய ஹைபிரிட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம். ஹட்டனில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் நம் அண்ணனிடம் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி கொண்ட ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். சமவெளியில் தங்கமான வண்டி. சிவனொளிபாத மலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பாதையில் ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போதுதான் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல் அக்சிலறேற்றரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கம் இருந்தால் அந்தக் கிளட்ச் சீக்கிரம் போகும். நம் ஊரில் அந்தப் பழக்கம் இல்லாத ஆள் யார்? அவர் விற்றுவிட்டார்.

மிகவும் கசப்பாகப் பேசியவர்கள் நுவரெலியாவில் ஓர் ஆசிரியத் தம்பதி. "ஹைபிரிட் என்பது ஏமாற்று" என்றார்கள். விசாரித்தால், காலையில் இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடத்துக்கு, மாலையில் இரண்டு கிலோமீட்டர் வீட்டுக்கு. ஜனவரியில் புல்லில் உறைபனி கிடக்கும் ஊர் அது. குளிரில் எஞ்சின் தன்னைச் சூடாக்கவும், உள்ளே ஹீட்டர் கொடுக்கவும் ஓடத்தான் செய்யும். சூடாகி முடிவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். பிறகு எங்கே மிச்சம் பிடிப்பது?

ரைஸுக்கு மாப்பிள்ளை வாய் ஓயாமல் சொல்லும் லீட்டருக்கு 28 கிலோமீட்டர் என்பது ஜப்பான் சோதனை அறையில் எடுத்த கணக்கு. சித்தப்பா மகன் ஏறும்போது பதினைந்து பதினாறும், இறங்கும்போது முப்பதுக்கு மேலும் பார்க்கிறான். போக வர இரண்டையும் கூட்டித்தான் சொல்ல வேண்டும். சிலர் இறங்கிய கணக்கை மட்டும் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள்.

அவன் வண்டியில் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். பின் இருக்கைக்குக் கீழேதான் பெற்றறி, அதைக் குளிர்விக்கக் காற்றை இழுக்கும் சிறு துவாரம் இருக்கைக்குப் பக்கத்தில். லீக்ஸ் மூட்டையை இருக்கையில் போட்டு ஏற்றியதில் அந்த வலையில் செம்மண்ணும் காய்ந்த லீக்ஸ் தோலும் அடைத்துக் கிடந்தன. பழைய பல்துலக்கும் தூரிகையால் அவனே சுரண்டி எடுத்தான். பெற்றறி சூடானால் ஆயுள் குறையும், புதியது வாங்குவது சாதாரணச் செலவல்ல. நீ மூட்டை ஏற்ற மாட்டாய், ஆனால் பிள்ளைகளின் போர்வையும் பையும் அங்கேதான் குவியும். பார்த்துக்கொள்.

உதிரிச் சக்கரம் இருக்கிறதா என்று முதலிலேயே கேள். இந்த ஜப்பான் வண்டிகள் பலவற்றில் பசைப் போத்தலும் காற்றுப் பம்பும்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் கல் கிழித்தால் பசை ஒட்டாது. இரவில், மழையில், வட்டகொடைப் பக்கம் நின்றால் யாரைக் கூப்பிடுவாய்?

வண்டியில் இருந்து 1,500 வொட் மின்சாரம் எடுக்கலாம், மின் தடையில் உதவும் என்று விளம்பரம் சொல்கிறது. அது ஜப்பானின் 100 வோல்ட். நம் கேத்தல் 230 வோல்ட். தேநீர் கொதிக்காது.

ரைஸ் ஹைபிரிட் என்று முடிவானால் தயாரித்த மாதத்தையும் கேள். 2023 மே மாதத்தில், அதைத் தயாரிக்கும் டைஹட்சு நிறுவனம், பக்கவாட்டுத் தூண் மோதல் சோதனையில் ஒரு பக்கத்துத் தரவையே மறு பக்கத்துக்கும் காட்டியதாகத் தானே அறிவித்து, விநியோகத்தை நிறுத்தியது. விற்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால் முகம் எப்படிப் போகிறது என்று பார். பாவித்த வண்டியானால் ஜப்பான் ஏலத்தாளின் (ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் தாள்) மூலப் பிரதியைக் காட்டச் சொல்.

இத்தனையும் கேட்ட பிறகு என் முடிவு இது. உன் கிழமை நாட்கள் வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் நடுவில் கழிகின்றன. மலைக்கு வருவது எப்போதாவது. அதற்கு ரைஸ் ஹைபிரிட் போதும், வளைவிலும் நிறுத்துமிடத்திலும் உனக்குச் சுலபம். ஆனால் உன் மாமியாரையும் சேர்த்து ஐந்து பேராக மாதாமாதம் வருவதென்றால் யாரிஸ் குரோஸுக்குப் போ. குறையும் பணத்தை லீசிங் கடனாக எடுப்பதானால் மட்டும் என்னிடம் சொல்லாதே, தூக்கம் கெடும். அப்பாவிடம் கேட்டால் பழைய டீசல் வண்டியைத்தான் சொல்வார். கேட்காதே.

எதை எடுத்தாலும் காட்சியறையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடாதே. தெரிந்தவர்களிடம் அதே வண்டி இருந்தால் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி, எட்டியாந்தோட்டையில் இருந்து கினிகத்தேனை வரை நான்கு பேரோடு ஏற்றிப் பார். ஆள் குறைந்தால் முதல் நாளே சொல். காலை பஸ்ஸில் நான் எட்டியாந்தோட்டைக்கு இறங்கி வந்து பின் இருக்கையில் ஏறிக்கொள்கிறேன், பாரத்துக்கு நான் போதும்.

அன்புடன்
அம்மா