ஓட வேண்டிய இடத்தில் நின்று சத்தம் போடுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் சோதனையை, அதாவது பாவத்துக்கு இழுக்கிற தூண்டுதலை, ஜெயிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அதைப் பற்றி எங்கள் சபையார் நாலு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டேன். அதிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. "எல்லாம் பிசாசு செய்கிற வேலை, ஜெபம் பண்ணி விரட்டினால் போய்விடும்" என்று ஒருவர் முடித்துவிட்டார், மற்ற மூன்று பேரும் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பாளையங்கோட்டைக்காரன், சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. அறுபது வருஷம் பிரசங்கம் கேட்டவன், அவ்வளவுதான்.

என் தங்கை மகனைப் பற்றிச் சொல்கிறேன், அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்ல வேலை, கல்யாணமாகி ஒரு குழந்தை, பாடகர் குழுவில் பாடுகிறவன். கைப்பேசியில் ரம்மி விளையாட ஆரம்பித்து, சம்பளம் போய், மனைவியின் நகை அடகுக்குப் போய், கடைசியில் செயலியில் கடன் வாங்கி அந்தக் கடனிலும் விளையாடினான். விஷயம் வெளியே வந்ததும் வீட்டார் அவனை ஒரு கன்வென்ஷனுக்கு, பெரிய ஜெபக் கூட்டத்துக்கு, கூட்டிக்கொண்டு போனார்கள். மேடையில் இருந்த ஊழியக்காரர் தலையில் கை வைத்து, "ரம்மியின் ஆவியே, வெளியே போ" என்று மைக்கில் அதட்ட, இவன் விழுந்து எழுந்து அழுது சாட்சியும் சொன்னான். வரும்போது ஒரு பாட்டில் எண்ணெயும் வாங்கிவந்தார்கள். பதினோராம் நாள் மறுபடி விளையாடினான்.

என்னடா இப்படி என்று கேட்டதற்கு அவன் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "மாமா, ஜெபம் பண்ணினப்போ நெசமாவே என்னமோ என்னைய விட்டுப்போன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா போன் என் பையிலதான இருந்துச்சு."

அன்று ராத்திரி வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் இத்தனை வருஷம் கண்ணில் படாத ஒன்று பட்டது. பிசாசைப் பற்றிப் பேசும்போது, புதிய ஏற்பாட்டில் நிருபம் எழுதின யாக்கோபு "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்" என்கிறார். பேதுருவும், கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித்திரிகிறவனுக்கு விசுவாசத்தில் உறுதியாக நின்று எதிர்த்து நிற்கச் சொல்கிறார். எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் தரித்துக்கொள்ளச் சொல்கிற சர்வாயுதவர்க்கமும், அதாவது தேவன் தருகிற முழுப் போர்க்கவசமும், நிற்பதற்குத்தான். ஆனால் இச்சையைப் பற்றிப் பேசுகிற இடத்துக்கு வந்தால் வினைச்சொல்லே மாறிவிடுகிறது. வேசித்தனத்துக்கு விலகி ஓடு, விக்கிரகாராதனைக்கு விலகி ஓடு என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார் பவுல். பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகி ஓடு என்று தீமோத்தேயுவுக்கு. அதே தீமோத்தேயுவுக்கு, பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்திலேயே, தேவனுடைய மனுஷனே, இவைகளை விட்டு ஓடு என்கிறார். அங்கெல்லாம் எதிர்த்து நில் என்று அவர் சொல்லவே இல்லை. பிசாசு நம்மைக் கண்டு ஓட வேண்டும், நாம் இச்சையைக் கண்டு ஓட வேண்டும். நாமோ இச்சைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, பிசாசைப் பார்த்து மைக்கில் கத்துகிறோம்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூட யோசேப்பின் கதை தெரியும். அவனுடைய எஜமான் போத்திபாரின் மனைவி ஆசைப்பட்டு அவன் வஸ்திரத்தைப் பிடித்தபோது அவன் நின்று அவளுக்காக ஜெபம் பண்ணவில்லை, நான் பலசாலி, பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து பேசவும் இல்லை. வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டான். அதற்கு அவனுக்குக் கிடைத்தது சிறைச்சாலை. (இந்தப் பகுதியை நம் பிரசங்கிமார் வேகமாகத் தாண்டி, அவன் எகிப்துக்கு அதிகாரியான இடத்துக்குப் போய்விடுகிறார்கள்.)

இதைச் சொன்னால், பிசாசே இல்லை என்கிறாயா என்று சண்டைக்கு வருகிறார்கள். அப்படிச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? நம்முடைய பழைய ஞானஸ்நான முறைமையில் பிசாசு, உலகம், மாம்சம் (நம் சொந்த இச்சை) என்று மூன்றையும் வெறுத்துவிடுகிறேன் என்றுதான், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கிற ஞானத்தாய் தகப்பன்மார் நமக்காக வாக்குக் கொடுத்தார்கள். மூன்று எதிராளிகளில் இரண்டு பேரை மறந்துவிட்டு ஒருவன் தலையிலேயே எல்லாப் பழியையும் போட்டால் மற்ற இரண்டு பேருக்கும் கொண்டாட்டம்தான். அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான் என்று எழுதியவரும் அதே யாக்கோபுதான். சிக்குண்டு என்ற அந்த வார்த்தையைப் பாருங்கள், கண்ணியில் மாட்டின பறவை மாதிரி. கண்ணியில் தானியம் போட்டவன் ஒருவன் இருக்கலாம், ஆனால் தானியத்துக்கு ஆசைப்பட்டது பறவைதானே.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிற பிள்ளையை ஒரு ஜெபக் கூட்டத்திலிருந்து இன்னொரு ஜெபக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு அலைகிறவர்கள் முதலில் மனநல மருத்துவரிடம் போங்கள். ஜெபமும் பண்ணுங்கள், யார் வேண்டாம் என்றது.

ஆண்டவர் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட பகுதியை லெந்தில் எல்லோரும் வாசிக்கிறோம். அங்கே சோதனைக்காரன் எப்போது வருகிறான் என்று கவனித்தால் போதும், பாதி புரிந்துவிடும். நாற்பது நாள் உபவாசம் முடிந்து பசி உண்டான பிறகு வருகிறான், முதலில் அப்பத்தைப் பற்றித்தான் பேசுகிறான். அப்புறம் வேதவசனமே பேசுகிறான், 91-ஆம் சங்கீதம்! நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கிற அதே சங்கீதம். இயேசு சொன்ன மூன்று பதில்களும் பழைய ஏற்பாட்டின் உபாகமப் புத்தகத்திலிருந்து, மூன்றும் சின்னச் சின்ன வாக்கியங்கள். அங்கே நீண்ட விவாதமும் இல்லை, அதட்டலும் இல்லை. "அப்பாலே போ சாத்தானே" என்பது கடைசியில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அந்தப் பதில்கள் அந்த நேரத்தில் தேடி எடுத்தவை அல்ல, உள்ளே ஏற்கெனவே இருந்தவை. நமக்கு உள்ளே என்ன இருக்கிறது? காலையில் வாட்ஸப்பில் வருகிற பூப்படம் போட்ட வாக்குத்தத்த வசனம். அதையும் படிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம்.

என் மருமகனுக்கும் நேரம் இருந்தது. கேட்டுக் கேட்டு எழுதிப் பார்த்தோம். சம்பளம் வருகிற அன்றைக்கு, மனைவி ஊருக்குப் போயிருக்கும்போது, மேலதிகாரி திட்டின நாளில், முக்கியமாக ராத்திரி பதினொன்றரைக்கு மேல். பகலில் அவன் விளையாடினது ரொம்பக் குறைவு. இதைக் கண்டுபிடிக்க எனக்குத் தீர்க்கதரிசன வரம் தேவைப்படவில்லை, ஒரு பழைய டைரியும் பேனாவும் போதுமாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், நம்முடைய அரசாங்கத்துக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்கிறது. பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2025-இல் விதி கொண்டுவந்தார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன, சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. சோதனைக்கு நேரம் உண்டு, அந்த நேரத்தில் கதவைச் சாத்த வேண்டும் என்பது சட்டம் எழுதுகிறவர்களுக்குப் புரிந்திருக்கிறது. விழித்திருந்து ஜெபம் பண்ணுங்கள் என்று இரண்டாயிரம் வருஷமாக வாசிக்கிற நாம் பிந்திவிட்டோம்.

அதே வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு பண விளையாட்டுகளை நாடு முழுக்கவே தடை செய்து சட்டம் போட்டது. அப்பாடா, முடிந்தது என்று என் தங்கை ஸ்தோத்திர காணிக்கை போட்டாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இவன் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வர்த்தகம் பண்ணிக்கொண்டிருக்கிறான், விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடுகிற வேலை! அது சட்டப்படியானதுதான், நிதானமாகச் செய்கிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இவன் செய்தது பழைய ரம்மிதான், சீட்டு மட்டும் மாறியிருந்தது. அசுத்த ஆவி போன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டு வெறுமையாய் இருந்தால் தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும் என்று ஆண்டவர் சொன்னது இதைத்தான். விரட்டுகிறதோடு நம் கூட்டங்கள் முடிந்துவிடுகின்றன. அப்புறம் அந்த வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

சரி, பிறகு என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றுமில்லை. சம்பளக் கணக்கைக் கணவன் மனைவி இருவர் பெயருக்கும் மாற்றி, பணம் அனுப்பும் செயலியை அவள் கைப்பேசியில் மட்டும் வைத்தோம். அவன் கைப்பேசி ராத்திரி பத்து மணிக்கு மேல் சமையலறை அலமாரியில் தூங்கும். ஓடுவது என்றால் இந்தக் காலத்தில் இப்படித்தான் ஓட முடியும். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறீர்களே என்று கோபப்பட்டான். வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினவனுக்கும் தெருவில் வெட்கமாகத்தான் இருந்திருக்கும் என்றேன். சிரித்துவிட்டான்.

ஆனால் இதையெல்லாம்விட உதவியது வேறொன்று, அதில்தான் நம் சபைகள் மேல் எனக்கு வருத்தம். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று அதே யாக்கோபு எழுதியிருக்கிறார். கத்தோலிக்கர் இதற்கு, குருவிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனம் வைத்திருக்கிறார்கள். நாம் அது வேண்டாம் என்று விட்டோம், சரி, அதற்குப் பதில் என்ன வைத்தோம்? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1738-இல் சின்னச் சின்னக் குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறை கூடி ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் உண்டு. போன முறை சந்தித்த பிறகு அறிந்தே என்ன பாவம் செய்தாய், என்ன சோதனைகள் வந்தன, எப்படித் தப்பித்தாய் என்று நேருக்கு நேர். எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் அடுத்த வாரம் நான்தான் தனியாக உட்கார்ந்திருப்பேன். நம் ஜெபக் குறிப்புகளைப் பாருங்கள்: வேலை, விசா, வரன், முட்டுவலி. எல்லாம் தேவைதான், நானும் முட்டுவலிக்காரன்தான். ஆனால் "நான் இந்த வாரம் விழுந்துவிட்டேன்" என்று ஒருவன் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? சொன்னால் மறுநாள் சேகரம் முழுக்க, சுற்றியுள்ள சபைகளுக்கெல்லாம், தெரிந்துவிடும் என்ற பயத்தில்தானே என் மருமகன் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தான். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிக்கொண்டே.

கத்தோலிக்க நண்பர் ஒருவர், என்னோடு வேலை பார்த்தவர், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் எங்களைவிட அவர்களுடைய தமிழ் தெளிவு என்று அடிக்கடி சீண்டுவார். நாங்கள் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்கிறோம், அவர்கள் "சோதனையில் விழவிடாதேயும்" என்கிறார்கள். 2017-இல் போப் பிரான்சிஸ், கடவுளே சோதனைக்குள் தள்ளுகிறார் என்பது போல ஒலிக்கும் மொழிபெயர்ப்பு சரியில்லை என்று பேசியபோது, பார், தமிழில் நாங்கள் எப்போதோ சரியாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குப் போன் போட்டுச் சொன்னார். பழைய மொழிபெயர்ப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் இந்த இரண்டு வருஷமாகத் தனியே ஜெபிக்கும்போது வாயில் அவர்களுடைய வார்த்தைதான் வருகிறது.

கன்வென்ஷன் நடத்துகிறவர்களிடமும் எங்கள் குருவானவர்களிடமும் ஒரு வேண்டுகோள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். மேடையில் விழுகிறவர்களை எண்ணுகிறீர்கள், சாட்சி சொல்ல வைக்கிறீர்கள். அவர்கள் எந்த ஊர், எந்த சபை என்று கேட்டு, பதினோராம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச ஒரே ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். சபையில் அதற்கு ஆள் கிடைக்கும். என்னைப் போல ஓய்வு பெற்று, காலையில் செய்தித்தாளை இரண்டு தடவை படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

பிசாசானவன் சோதனையெல்லாம் முடித்து, "சிலகாலம்" அவரைவிட்டு விலகிப்போனான் என்று லூக்கா எழுதுகிறார். ஆண்டவரிடமிருந்தே சிலகாலம்தான். அதனால் என் மருமகன் தப்பித்துவிட்டான் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அவன் வீட்டுத் தரைவழித் தொலைபேசியிலிருந்து ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குக் கூப்பிடுவான், அது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். போன வியாழக்கிழமையும் கூப்பிட்டான். ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்றான். வசனம் ஒன்றும் சொல்லவில்லை, மகள் பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கிறாள் என்று ஆரம்பித்துப் பன்னிரண்டே கால் வரை பேசிக்கொண்டிருந்தோம், அப்புறம் தூக்கம் வருகிறது மாமா என்று வைத்துவிட்டான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
பாளையங்கோட்டை.