அந்தக் காணொளிகளை எடுத்தவர்கள் யார்? இராணுவத் தளபதிக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை இராணுவத் தளபதி அவர்களுக்கு,

வணக்கம்.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் உங்கள் படையினர் எடுத்ததாகச் சொல்லப்படும் காணொளிகளைப் பற்றிய இந்த மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். அரச இயந்திரத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதை வடக்கு கிழக்கில் முகநூல் கணக்கு வைத்திருக்கும் எவரும் அறிவர். இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாளான நவம்பர் 27 வந்தால் யார் விளக்குப் படம் போட்டார், யாருடைய படத்தைப் போட்டார் என்று வரிவிடாமல் பார்க்கிறார்கள். 2020, 2021 ஆண்டுகளிலும், பிறகு 2024 மாவீரர் நாளை ஒட்டியும், முகநூல் பதிவுகளுக்காக எங்கள் பொடியன்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார்கள். கைது செய்தது பொலிஸ், நாங்கள் அல்ல என்பீர்கள். சரி. ஆனால் ஒரு தொலைபேசிக்குள் கிடக்கும் படத்தையும் அதைப் போட்ட ஆளையும் தேடிப்பிடிக்க இந்த அரசுக்குத் தெரியும் என்பது அதில் உறுதியாகிறது. சீருடைக்காரரின் தொலைபேசி என்றதும் அந்தக் கெட்டித்தனம் எங்கே போய்விடுகிறது?

2009 ஆகஸ்டில் பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி அப்படியொரு காணொளியை ஒளிபரப்பியது. கண்களும் கைகளும் கட்டப்பட்டு நிர்வாணமாக்கப்பட்ட ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையில் சுடப்படும் காட்சி அது. சுற்றி நின்றவர்கள் சிங்களத்தில் சர்வசாதாரணமாகக் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். உடனே அரசு அதைப் போலி என்றது. 2010 ஜனவரியில், சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், தாம் அமர்த்திய மூன்று நிபுணர்களின் ஆய்வு காணொளி உண்மையானது என்பதையே வலுவாகக் காட்டுகிறது என்றார். விளக்க முடியாத சில அம்சங்கள் இருப்பதையும் அவர் மறைக்கவில்லை. 2011இல் அவருக்குப் பின் வந்த கிறிஸ்டோப் ஹெயின்ஸ், இன்னும் நீளமான பதிப்பையும் ஆய்வு செய்வித்து, அதுவும் உண்மையானதே என்ற முடிவுக்கு வந்தார். அந்த நீண்ட பதிப்பில்தான் புலிகளின் தொலைக்காட்சி அறிவிப்பாளர் இசைப்பிரியாவின் உடலைப் பலர் அடையாளம் கண்டார்கள். பின்னால் வந்த துண்டுகளில், பெண்களின் உடல்களை வண்டியில் ஏற்றுகிறவர்கள் அந்த உடல்களைப் பற்றியே பகிடி விடுகிறார்கள்.

கொலைக்கான விசாரணை ஐ.நா. மனித உரிமைப் பேரவை இருக்கும் ஜெனீவாவிலா கொழும்பிலா, உள்ளகப் பொறிமுறையா சர்வதேசப் பொறிமுறையா என்ற வாதத்துக்கு இந்த மடலில் நான் வரவில்லை. அந்தக் கோரிக்கையை நான் கைவிடவும் இல்லை. இன்று கேட்பது அதைவிடச் சிறியது. இறந்தவர்களை வைத்துப் பகிடி விட்டவர்கள், அதைத் தொலைபேசியில் பிடித்தவர்கள், கைக்குக் கை அனுப்பி மகிழ்ந்தவர்கள் உங்கள் படையில் யார்? இது ஒழுக்கம் பற்றிய கேள்வி. ஒழுக்கத்துக்கு ஜெனீவா தேவையில்லை, பாராளுமன்றப் பெரும்பான்மை தேவையில்லை. 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டமும் தளபதியின் கையொப்பமும் போதும்.

அந்தச் சட்டம் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று சொல்லவும் முடியாது. யுத்தத்தை வென்றவர் என்று தெற்கு கொண்டாடிய சரத் பொன்சேகாவை 2010 பெப்ரவரியில் கைது செய்து, சீருடையில் இருந்தபடி அரசியலில் ஈடுபட்டார் என்று இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, அதே ஆண்டு ஆகஸ்டில் நிலையையும் பதக்கங்களையும் பறித்தார்கள். ஆறே மாதம். அந்த வழக்கின் நியாயம் எப்படியிருந்தாலும் அதன் வேகத்தை நாங்கள் கவனித்தோம். ஒரு முழு ஜெனரலுக்கு ஆறு மாதம் போதுமானதாக இருந்தது. சில சிப்பாய்களைக் கண்டுபிடிக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் போதவில்லை.

இதைக் கேட்கிறவர்கள் புலம்பெயர் தமிழர்களும் வெள்ளைக்காரரும்தான் என்ற பதில் உங்கள் தரப்பில் எப்போதும் தயாராக இருக்கும். மகிந்த ராஜபக்ச நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே 2011 அறிக்கையில் இந்தக் காணொளிகளின் உண்மையைக் கண்டறியச் சுயாதீன விசாரணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு 2012இல் அன்றைய தளபதி ஜகத் ஜயசூரிய ஐந்து பேர் கொண்ட இராணுவ விசாரணை மன்று ஒன்றை அமைத்தார். 2013இல் முதற்பகுதி முடிந்தது. பொதுமக்கள் மீது படையினர் எறிகணை வீசவில்லை என்று அது சொன்னது. சேனல் 4 காணொளிகள் பற்றிய இரண்டாம் பகுதி தொடர்ந்து நடக்கும் என்றார்கள். 2015இல் காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவும் இந்தக் காட்சிகள் நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரிக்கத் தக்கவை என்றே எழுதியது. இவையெல்லாம் உங்கள் அரசு அமைத்த குழுக்கள், உங்கள் அரசின் முத்திரையோடு வந்த தாள்கள். அந்த இரண்டாம் பகுதி எந்த அலுமாரியில் இருக்கிறது, தளபதி அவர்களே?

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறார். மகன் யுத்தத்தின் முடிவில் முல்லைத்தீவு வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்தவன், அதற்குப் பிறகு தகவல் இல்லை. இந்தக் காணொளிகளை ஊரில் பெரும்பாலானோர் ஒரு தடவை பார்த்துவிட்டு இனி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவரால் விட முடியவில்லை. தொலைபேசிக் கடைப் பொடியனிடம் கொடுத்து, ஓடுகிற படத்தை ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, பெரிதாக்கச் சொல்லிப் பார்ப்பார். முகம் தெரியாது, கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே காதைப் பார்ப்பார். முழங்காலில் சின்ன வயதில் சைக்கிளால் விழுந்த தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். பின்னால் கேட்கும் சிரிப்பு இடைஞ்சலாக இருப்பதால் சத்தத்தை முதலிலேயே குறைத்துவிடச் சொல்வார். அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரனுக்கு இன்று நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கலாம், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். அந்த அம்மா தேடும் விடையில் பாதி அவனிடம் இருக்கிறது.

அடுத்தது லண்டன். 2018 பெப்ரவரி 4, எழுபதாவது சுதந்திர தினம். இலங்கை உயர் ஸ்தானிகராலயத்துக்கு வெளியே தமிழர்கள் ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள். பாதுகாப்பு ஆலோசகர் பிரிகேடியர் பிரியங்க பெர்னாண்டோ முழுச் சீருடையில் வெளியே வந்து, கையிலிருந்த சிங்கச் சின்னத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு அவர்களைப் பார்த்துக் கழுத்தை அறுக்கும் சைகை செய்தார். ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. எதிரே நின்ற கூட்டத்தில் பாதிப்பேரின் கையில் கமரா இருப்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தார் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. வன்னியில் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தவனுக்கும் இவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. தனக்கு எதுவும் ஆகாது என்ற நிச்சயம். அந்த நிச்சயத்தை இவர்கள் தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவரவில்லை. படைதான் ஊட்டியது.

பிறகு நடந்தவை அந்த நிச்சயம் சரிதான் என்று நிரூபித்தன. காணொளி சமூக ஊடகங்களில் பரவியதும் வெளிவிவகார அமைச்சு அவரைப் பணியிலிருந்து இடைநிறுத்தியது. உத்தரவின் மை காயும் முன் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவரை மீண்டும் பதவியில் அமர்த்தினார். 2019 டிசம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதவான் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. 2021இல் மேல் நீதிமன்றம் இராஜதந்திர விலக்குரிமையைக் காரணம் காட்டி அதை ரத்துச் செய்தது. அந்தச் சைகை ஒரு இராணுவ அதிகாரிக்கு அழகு என்று அங்கே எந்த நீதிபதியும் எழுதவில்லை. விலக்குரிமை வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு எதிரான கவசம், அவ்வளவுதான். சொந்தப் படையின் ஒழுக்க விசாரணைக்கு அது தடையே அல்ல. அப்படியொரு விசாரணை நடந்ததா, என்ன முடிவு என்று இதுவரை எங்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர் மேஜர் ஜெனரலாக உயர்ந்தது மட்டும் தெரியும்.

உங்கள் படை மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. 2012 ஜனவரியில் அமெரிக்க மரைன் படையினர் ஆப்கானிஸ்தானில் தலிபான் சடலங்கள் மீது சிறுநீர் கழிக்கும் காணொளி இணையத்தில் வந்தது. அவர்கள் அதைப் போலி என்று சாதிக்கவில்லை. ஆட்களைக் கண்டுபிடித்து வழக்கு வைத்தார்கள், நிலை இறக்கினார்கள். தண்டனை போதுமா என்பது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. அன்றைய மரைன் தலைமைத் தளபதி வழக்கில் கடுந்தண்டனை வேண்டும் என்று தலையிட்டார். அந்தத் தலையீட்டைக் காரணம் காட்டி 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒருவரின் தண்டனையை ரத்துச் செய்தது. மேலிடத்துக் கை தண்டிப்பதற்காக நீண்டபோதே அங்கே அது பிழையானது. இங்கே காப்பாற்றுவதற்காக நீளும்போது யாரும் வாய் திறப்பதில்லை. யாரையாவது பலிகொடுத்து எங்கள் வாயை அடையுங்கள் என்று நான் கேட்கவில்லை. சட்டத்தரணியோடு, சாட்சியோடு, முறையாக விசாரியுங்கள். குற்றமில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. காசாவில் இஸ்ரேலியச் சிப்பாய்கள் எடுத்துப் போட்ட காணொளிகள் உலகம் முழுக்கப் பரவியபோது, 2024 பெப்ரவரியில் அவர்களின் தலைமைத் தளபதி, பழிவாங்கும் காணொளிகளை எடுக்கவேண்டாம் என்று படையினருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு ஜனவரியில், விடுமுறையில் பிரேசிலுக்குப் போன ஒரு சிப்பாய் மீது அங்கே விசாரணை தொடங்க, இராணுவம் புது விதி போட்டது. சண்டையில் ஈடுபட்ட கேணல் தரம் வரையானவர்களின் முகமும் முழுப்பெயரும் ஊடகங்களில் வரக்கூடாதாம். நடத்தையைத் திருத்துவதைவிட முகத்தை மறைப்பது எவ்வளவு லேசு பாருங்கள். உங்கள் முகாம் வேலிகளில் மூன்று மொழியிலும் தொங்கும் ‘படம் எடுக்கத் தடை’ பலகையைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். முள்ளிவாய்க்காலில் அழுகிறவர்களை மரத்தடியில் நின்று படம் பிடிக்கும் சிவில் உடைக்காரருக்கு அந்தப் பலகை பொருந்தாதுபோலும்.

ஆகவே இந்த மடலுக்குப் பதிலாக ‘படையினர் கைத்தொலைபேசி பாவிப்பது தொடர்பான சுற்றறிக்கை’ ஒன்றைத் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். அது அடுத்த காணொளி எங்கள் கண்ணில் படாமல் தடுக்கும். அதில் இருக்கும் செயலைத் தடுக்காது.

படையில் இருக்கும் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கும் எண்ணம் எனக்கில்லை. அனுராதபுரத்திலும் மொனராகலையிலும் வயல் கைவிட்டதால் படையில் சேர்ந்த பிள்ளைகள்தான் உங்கள் சிப்பாய்களில் ஏராளம். 2009 மே மாதத்தில், யுத்தத்தின் கடைசி நாட்களில், எங்கள் கிழவிகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்ட சிப்பாய்களைப் பற்றியும் இங்கே கதைக்கிறார்கள். ஒரு படைத்தரப்புக் காணொளி வெளியே வந்தது என்றால், அதைத் தன்னோடு வைத்திருக்க மனம் பொறுக்காத எவனோ ஒருவன் உள்ளேயே இருந்திருக்கக் கூடும். விசாரணை இல்லாததால் அவனும் சிரித்தவர்களின் கணக்கிலேயே சேர்கிறான்.

விசாரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உங்கள் படையின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1996இல் பாடசாலை மாணவி கிருஷாந்தி கைதடிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் 1998இல் படையினருக்குத் தண்டனை கிடைத்தது. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று மன்றிலேயே சொன்னார். 1999இல் தோண்டியபோது பதினைந்து பேரின் எச்சங்கள் வந்தன. 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. மறுபக்கத்தில் யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவில் கிராமத்தின் வழக்கு இருக்கிறது. 2000 டிசம்பரில் குழந்தையையும் சேர்த்து எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற, உயர் நீதிமன்றமும் உறுதிசெய்த இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்கவை 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மன்னித்து வெளியே விட்டார். இளம் சிப்பாய் ஒருவன் இந்த இரண்டில் எதைப் பார்த்துப் படிப்பான்?

நான் கேட்பது அதிகமில்லை. 2012இல் தொடங்கிய விசாரணையின் இரண்டாம் பகுதி முடிந்திருந்தால் வெளியிடுங்கள், முடியவில்லை என்றால் நாள் குறித்து முடியுங்கள். லண்டன் சைகை பற்றி இராணுவம் எடுத்த ஒழுக்க நடவடிக்கை என்ன என்று எழுத்தில் சொல்லுங்கள். எதுவும் எடுக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். 2009 ஏப்ரல், மே மாதங்களில் எந்தப் படையணி எந்த இடத்தில் நின்றது என்ற பதிவேடுகளை அழியாமல் காப்பாற்ற இன்றே உத்தரவிடுங்கள்.

இதில் அவசரம் இருக்கிறது. சாதாரண சிப்பாய் ஒருவர் 22 ஆண்டு சேவை முடித்தால் ஓய்வூதியத்தோடு வீடு போகலாம். 2007இல், யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டவர்கள் 2029இல் அந்த 22 ஆண்டை முடிப்பார்கள். இன்றைக்கு அவர்களில் ஒருவரை உங்கள் அலுவலகத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி அழைப்பே போதும். அந்த ஆண்டு கழிந்தால் அவர் கட்டளைக்குக் கட்டுப்படாத ஒரு குடிமகன். சாட்சி சொல்ல வாருங்கள் என்று நீங்கள் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒரு குடிமகன்