பதினொரு காலி வரிகளுக்கு நன்றி

கர்த்தருக்குள் பிரியமான செவ்வாய்க்கிழமை வேதபாடக் குழுவினருக்கும், எங்களுக்காக முழங்காலில் நின்ற சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு எட்டு நாள். இன்று காலை தம் கையாலேயே இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டார். இரண்டாவது இட்லியில் பாதியை வைத்துவிட்டார். அதனால் என்ன! அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். அழுது முடித்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததை மறுபடி எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை. அந்த முதல் இரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு நின்றவர்களே நீங்கள்தானே.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆசை. ஒருவரை விட்டுவிட்டாலும் என் மனம் தாங்காது என்பதால் எல்லோரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ரத்தம் வேண்டும் என்றதும் ஒரே மணி நேரத்தில் வந்து நின்ற வாலிபப் பிள்ளைகள், முறை வைத்துக்கொண்டு இரவில் கண்விழித்த சகோதரர்கள், தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், வீட்டுத் துளசிக்கும் கோழிகளுக்கும் தண்ணீர் வைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து தலைமேல் கைவைத்து ஜெபித்த நம் சபைப் போதகரான சேகரகுரு ஐயா, உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஒன்பதாம் நாள் அம்மாவின் பதக்கச் சங்கிலியை முந்தானையில் முடிந்துகொண்டு நான் அடகுக்கடைக்குப் புறப்பட்டபோது, படிக்கட்டிலேயே என்னை மறித்து, பணம் கட்டிய ரசீதைக் கையில் திணித்தீர்களே, அந்தக் குழுவுக்கு நன்றி. அன்று அந்தச் சங்கிலி அடகுக்குப் போகாமல் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. பின்னால் சொல்கிறேன்.

வெல்டிங் பட்டறைத் தம்பி, இந்த மடலில் மீதி முழுவதும் உனக்குத்தான்.

நீ நம் குழுவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். உன் முறை வரும்போது எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பாய். முப்பத்தோரு வருடம் தமிழ் கற்றுக்கொடுத்த எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை இருந்ததில்லை. நீ ஒரு வசனத்தை முடிப்பதற்குள் மூன்று இடத்தில் திருத்துவேன். 1 சாமுவேல் 15 வாசித்த அன்று, “பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும்” என்று இருந்ததை நீ “கீழ்ப்படித்தலும்” என்று வாசித்தாய். “படித்தல் இல்லை, படிதல். ஒரு ‘த்’ கூடினால் பொருளே மாறிவிடும்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு மறுபடி வாசித்தாய். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் என்னிடம், “அந்தப் பையனை இவ்வளவு வெடுக்கென்று திருத்த வேண்டுமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக நம் நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு செவ்வாயும் ஒரு பகுதியை வாசிப்போம். அது என்ன சொல்கிறது, ஆண்டவரைப் பற்றி என்ன காட்டுகிறது என்று பேசுவோம். கடைசியில் ஒரே கேள்வி: இந்த வாரம் இதில் எதற்கு நான் கீழ்ப்படியப் போகிறேன்? அவரவர் சொல்வது அவரவர் பெயருக்கு எதிரே நோட்டில் ஏறும். அடுத்த வாரம் பாட்டு முடிந்ததும் முதல் வேலை அந்த நோட்டைத் திறப்பதுதான். செய்தவருக்கு ஒரு டிக், செய்யாதவருக்கு ஒரு வட்டம். வட்டம் வாங்கியவரை யாரும் குடைவதில்லை. அன்றைய முதல் ஜெபம் அவருக்காக, அவ்வளவுதான். இதைத் தொடங்கியபோது சேகரகுரு ஐயா, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் காலத்துச் செய்தி ஒன்றைச் சொன்னார். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜெபவீட்டுக் கடனை அடைப்பதற்காக, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வாரம் ஒரு பென்னி வாங்க வீடு வீடாகப் போனார்களாம். காசு வாங்கப் போன இடத்தில்தான் யார் வீட்டில் குடி, யார் வீட்டில் சண்டை, யார் உள்ளுக்குள் உடைந்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்ததாம். கடனுக்காகத் தொடங்கியது ஆத்துமாக்களை விசாரிக்கும் குழுக்களாக வளர்ந்தது. நம் நோட்டும் அந்த வேலையைத்தான் செய்து வருகிறது.

அதை எழுதும் பொறுப்பை நீ கேட்டு வாங்கிக்கொண்டாய். கையெழுத்து பழக வேண்டும் என்று சொன்னாய்.

அந்த நோட்டில் நம்மவர்கள் எழுதவைத்ததையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று நம்புகிறேன். “கடைத் தராசைச் சரிபார்க்க வேண்டும்.” “மாமியாருக்கு ராத்திரி மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்க வேண்டும்.” “மூன்று வருடத்துக்கு முன் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.” ஏணிக்கு இரண்டு வாரம் வட்டம், மூன்றாம் வாரம் டிக். அன்று நாம் எல்லோரும் கைதட்டினோம். என் பெயருக்கு எதிரே இருந்தது என்ன தெரியுமா? “இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும்.” “விசுவாசத்தில் வளர வேண்டும்.” “வேதத்தை ஆழமாகத் தியானிக்க வேண்டும்.” எல்லாவற்றுக்கும் டிக். ஒரு வட்டம்கூடக் கிடையாது. வட்டம் விழ வழியே இல்லாதபடி சொல்லியிருக்கிறேன்.

போன செவ்வாய், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, பதினொரு வாரத்துக்குப் பிறகு குழுவுக்கு வந்தேன். நீ தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது நோட்டைப் புரட்டினேன். நான் இல்லாத வாரங்களில் என்ன வாசித்தீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் திறந்தேன்.

ஒவ்வொரு வாரமும் என் பெயர் இருந்தது. “டீச்சர்” என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, அதற்கு எதிரே அளவுகோலால் ஒரு கோடு. கோட்டின்மேல் ஒன்றும் எழுதவில்லை. டிக்கும் இல்லை, வட்டமும் இல்லை. பதினொரு வாரம், பதினொரு கோடு. பட்டறையில் இரும்பை வெட்டுவதற்குக் குறிக்கும் கோட்டைப்போல அத்தனை நேராக.

ஏன் இப்படி என்று கேட்டேன். நீ கொஞ்சம் வெட்கப்பட்டாய். “வராதவர் பெயரை எழுத வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை டீச்சர். நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் இடம் இருக்க வேண்டுமே” என்றாய். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பாய் விரிக்கப் போய்விட்டாய்.

உனக்கு அது பெரிய காரியமாகத் தெரியாது. அந்தப் பதினொரு வாரத்தில் நான் ஒரு வசனம் வாசிக்கவில்லை, தம்பி. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் வெறும் எழுத்துகளாக நின்றன. எனக்காக ஜெபித்தவர்களுக்கு ‘ஆமென்’ சொல்லக்கூட வாய் வரவில்லை. அவர்கள் கூட்டத்தில் நான் இனி ஒருத்தி இல்லை என்றே நினைத்திருந்தேன். அதே நாட்களில் நீ வாரம் தவறாமல் என் பெயரை எழுதி, எனக்கு ஓர் இடம் போட்டு வைத்திருந்திருக்கிறாய். பாடம் சொல்லாமல், ஆறுதல் சொல்லாமல், கேள்வி கேட்காமல்.

அந்தக் கோடுகளில் ஆறாவதை என்னால் தாண்ட முடியவில்லை. அந்த வாரப் பகுதி மத்தேயு 5:21 முதல் 26 வரை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், “முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி” என்று ஆண்டவர் சொல்கிற இடம். அதன் கீழே “டீச்சர்:” ஒரு காலிக் கோடு. நான் அன்று அங்கே இருந்திருந்தால் “எல்லோரிடமும் அன்பாக இருக்க வேண்டும்” என்று சொல்லியிருப்பேன். டிக்கும் வாங்கியிருப்பேன். நீ காலியாக விட்டிருந்ததால் அந்த இடத்தில் இருக்க வேண்டியது எது என்று எனக்கு நேராகத் தெரிந்தது.

எனக்கும் கூடப்பிறந்தவன் ஒருவன் இருக்கிறான், முதலூரில். உன்னைத் ‘தம்பி’ என்று எளிதாகக் கூப்பிடுகிற இந்த வாய், அவனை அப்படிக் கூப்பிட்டு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அம்மா கண்மூடுவதற்கு முன், அந்தப் பதக்கச் சங்கிலியை அவன் மகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். கேட்டவள் நான் ஒருத்திதான். கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது நான்தானே என்று அதை வைத்துக்கொண்டேன். அவன் கேட்டபோது, அம்மா எனக்குத்தான் கொடுத்தாள் என்று சொன்னேன். பொய் சொன்னேன். அதன்பிறகு ஒன்பது வருடம் திருவிருந்துக்கு முழங்காலிட்டிருக்கிறேன்.

நம் ஊர் வாசிப்புக்குக் குறைவில்லாத ஊர். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முந்நூறு வருடம் தாண்டிவிட்டது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் புதிய ஏற்பாட்டை மறுபடி உட்கார்ந்து திருத்தினார், ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். 1826இல் அவர் எழுப்பிய ஆலயத்தின் ஊசிக்கோபுர நிழலில் வளர்ந்தவள் நான். 1799இல் துன்பப்பட்டு ஓடிவந்த விசுவாசிகள் குடியேறிய முதலூர்தான் என் பிறந்த மண். ஐந்து வயதில் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொன்னேன். இத்தனையும் படித்தல். கீழே படிகிற வேலை என்னிடம் நடக்கவில்லை. தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது மொண்டுவந்த தண்ணீரைக் குடத்தில் ஆடாமல் வைத்தால்தான் கலங்கல் அடியில் படியும். நான் குடத்தை அசைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு வசனம் இறங்குவதற்குள் அடுத்த வசனம், அதற்குள் விளக்கம், அதற்குள் அடுத்தவரின் உச்சரிப்பு. அன்று நீ தப்பாக வாசித்த அந்த ஒரு ‘த்’ உன்னைவிட என்னிடம்தான் கூடுதலாக இருந்தது.

அந்த ஆறாவது கோட்டில் போன செவ்வாயே எழுதிவிட்டேன்: “முதலூருக்குப் போக வேண்டும்.” நீ பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை சாத்தான்குளம் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் போனேன். அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. எழுந்து நின்றான், வா என்று சொல்லவில்லை. நான் திண்ணையிலேயே சங்கிலியை எடுத்து வைத்து, அம்மா சொன்னதை அம்மா சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அவன் சங்கிலியைப் பார்க்கவே இல்லை. வெகுநேரம் கழித்து, “அத்தானுக்கு இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டான். பிறகு சொன்னான்: ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இரண்டு முறை வந்தானாம். உள்ளே வந்தால் நான் என்ன சொல்வேனோ என்று திரும்பிப் போய்விட்டானாம்.

அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஒன்பது வருடம் ஒரு பஸ் பயணத்தில் கழியாது. அவன் மகள் என்னிடம் பேசவில்லை. கல்யாணத்துக்குப் போடக் கொடுக்காத நகையை இப்போது கொண்டுபோனால் அவள் எப்படிப் பேசுவாள்? அதற்கு நான் மறுபடி போக வேண்டும். போவேன். புறப்படும்போது அவன் பஸ் வரும் வரை கூட நின்றான். முதலூர் மஸ்கோத் அல்வாவில் ஒரு பொட்டலம் வாங்கி, “அத்தானுக்கு ஒரு துண்டு கொடுத்துப் பார்” என்றான்.

சபையாருக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். இனி என் பெயருக்கு எதிரே வட்டம் விழக்கூடிய காரியத்தை மட்டும்தான் எழுதவைப்பேன். வட்டம் விழுந்தால் எனக்காக ஜெபியுங்கள். உங்கள் ஜெபத்துக்கு இந்த முறை ஆமென் சொல்வேன்.

வரும் செவ்வாய் வேதபாடம் நம் வீட்டில். அவர் கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டோம். கூட இருந்து கேட்க வேண்டும் என்கிறார். சுக்குக் காப்பி போட்டு வைக்கிறேன், அல்வாவும் இருக்கிறது. தம்பி, பழைய நோட்டில் இரண்டு பக்கம்தான் மிச்சம் என்று பார்த்தேன். புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அளவுகோலை மட்டும் நீ எடுத்துக்கொண்டு வா. அந்த வாரம் முழுப் பகுதியையும் நீதான் வாசிக்க வேண்டும், உனக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

உங்கள் அன்புச் சகோதரி,
செவ்வாய்க்கிழமைக் குழுவின் டீச்சர்
பாளையங்கோட்டை