சாய மேசைக்கு எந்த விளக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் மின்பராமரிப்புப் பணி செய்பவன் என்ற முறையில், வாட்டையும் விலையையும் மட்டும் பார்த்து விளக்கு வாங்கும் பழக்கம் பற்றி எழுதுகிறேன். 36 வாட் டியூப்லைட், பழைய சோக்கின் இழப்பையும் சேர்த்தால் 50 வாட் வரை இழுக்கிறது. அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. டியூப் போதும் என்பது உண்மையே. ஆனால் துணியின் சாயத்தைச் சரிபார்க்கும் மேசைக்கு மேலே நிறங்காட்டும் திறன் (நிறங்களை உள்ளபடி காட்டும் தன்மை) குறைந்த விளக்கைப் பொருத்தினால், பகல் வெளிச்சத்தில் வேறுபட்டுத் தெரியும் இரண்டு துண்டுகள் அங்கே ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அப்படித் தேர்ச்சி பெற்ற சரக்கு திரும்பி வந்ததை நான் வேதனையோடு பார்த்திருக்கிறேன். அந்த மேசைகளுக்கு, இத்திறனை அதிகபட்சம் 100 என வைத்து அளக்கும் நிறங்காட்டும் குறியீடு (CRI) 90க்குக் குறையாத விளக்கையே கேட்டு வாங்க வேண்டும். சோடியம் ஆவி விளக்கு வாட்டுக்கு 100 லூமென் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) தந்தாலும், அதன் மஞ்சள் ஒளி வெளிமுற்றத்தோடு நிற்கட்டும்.

தகரக் கூரையின் வெப்பம், எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரின் ஆயுளைக் குறைப்பதால், வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய உறை கொண்ட விளக்குகளைத் தேர்ந்தெடுப்பதும், அவற்றின் மேல் படிந்து ஒளியையும் மறைக்கும் பஞ்சுத் தூசியை மாதந்தோறும் துடைப்பதும் அவசியம்.

இப்படிக்கு,
மின்பராமரிப்பாளர் ஒருவர்,
திருப்பூர்.