குவாரியிலேயே தடுத்தால் கண்மாய் பிழைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பருவமழைக்கு முன் கண்மாய்களைத் தூர்வாருவது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல காரியம். ஆனால் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் தூர்வாரினால் மட்டும் போதாது. கல் குவாரிகளிலிருந்து இறங்கும் மழைநீரை அங்கேயே நிறுத்தி, தெளிய வைத்துத்தான் வெளியே விட வேண்டும். கிரானைட்டை அறுக்கும்போது வரும் தூள் மாவு போன்றது. ஓடுகிற தண்ணீரில் அது படியாது. கண்மாயில் வந்து நின்ற பிறகுதான் படியும். ஒருமுறை ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தண்ணீர் பால் நிறத்தில் வந்தது. மேலே டீசல் படலம் வேறு மின்னியது. கோடையில் பார்த்தால், மடை வாயில் ஒரு சாண் கனத்துக்கு வெள்ளைச் சகதி காய்ந்து வெடித்துக் கிடந்தது. கடப்பாரையால் கொத்தித்தான் மடையைத் திறந்தோம்.

அக்டோபர் பிறப்பதற்குள் ஒவ்வொரு குவாரியிலும் கழிவுக்கல் மேட்டைச் சுற்றி வடிகால், அதன் முடிவில் வண்டல் படியும் குழி, டீசல் பீப்பாய்களுக்குச் சிமெண்ட் தரை, சுற்றிலும் கரை ஆகியவை இருக்கின்றனவா என்று கனிமவளத் துறையினர் நேரில் பார்க்க வேண்டும். அப்போது கண்மாய் நீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகளையும் உடன் அழைத்துச் செல்லட்டும். குழி நிரம்பியிருந்தால், அதை அள்ளிய பிறகே வேலைக்கு அனுமதிக்கலாம்.

– ஒரு விவசாயி, மேலூர் வட்டம்