ஆறு மா நிலமும் ஒரு ஆட்சேபணையும்

ஹர்ட்ஃபோர்ட்ஷயர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் குரல் செய்தி மூன்றையும் கேட்டேன். முட்டிவலிக்குத் தஞ்சாவூர் டாக்டரைப் பார்த்தது, பேத்திக்குக் காது குத்தியது, பைபாஸ் ஓரத்து நிலத்தைக் கேட்டு புரோக்கர் நடையாய் நடப்பது எல்லாம் தெரிந்தது. கடைசி விஷயத்துக்குப் போனில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் பேனா எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இங்கேயும் அதே கதைதான் ஓடுகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் கட்டியிருந்தார்கள். தொலைந்த பூனையைத் தேடும் அறிவிப்பு என்று நினைத்துக் கடந்து போனேன். மறுநாள்தான் படித்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோதுமை வயலில் 140 வீடு கட்ட அனுமதி கேட்டு ஒரு கட்டுமானக் கம்பெனி கவுன்சிலுக்குப் போட்ட மனு. ஆட்சேபணை இருந்தால் 21 நாளுக்குள் எழுதலாம்.

நீ இங்கே வந்தபோது நாம் ரெண்டு பேரும் நடந்த வயல்தான் அது. "அடுத்தவன் நிலத்துல இப்படி நடக்கிறோமே, விரட்ட மாட்டானா?" என்று கேட்டாய், ஞாபகம் இருக்கா? அது பொதுவழி. நிலத்துக்காரர் உழுதாலும் விதைத்தாலும் அந்த ஒத்தையடிப் பாதையை மறுபடி திறந்துவிட வேண்டும். வயலின் அந்தக் கோடியில் அடுத்த ஊர் சர்ச் கோபுரம். நடுவில் இந்த வயல் இருப்பதால்தான் அவை ரெண்டு ஊர். இது போனால் ஒரே தெருவாகிவிடும்.

இந்த நிலத்துக்கு கிரீன் பெல்ட் என்று பெயர். லண்டன் வீங்கிக்கொண்டே போய்ப் பக்கத்து ஊர்களை விழுங்கிவிடக் கூடாது என்று அதைச் சுற்றி வெற்று நிலமாகவே விட்டுவைத்த வளையம். நகரத்தின் இடுப்பில் பச்சையில் அரைஞாண் கட்டின மாதிரி. 1938-ல் இதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். 1944-ல் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆபர்கிராம்பி என்பவர் லண்டனுக்கான திட்டத்தில் இந்த வளையத்தை வரைந்துவைத்தார். 1955-ல் மற்ற நகரங்களுக்கும் இப்படிச் செய்யலாம் என்று அரசு சுற்றறிக்கை அனுப்பியது. இன்றைக்கு இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் எட்டில் ஒரு பங்கு இந்த வளையங்களுக்குள் இருக்கிறது. எல்லாமே பச்சைப்பசேல் என்று நினைத்துவிடாதே. கோல்ஃப் மைதானம், குதிரை லாயம், தூர்ந்துபோன ஜல்லிக் குழி, பழைய பெட்ரோல் பங்க் எல்லாம் உண்டு. அழகுக்காக அல்ல, ஊர் பரவாமல் இருப்பதற்காக வரைந்த கோடு.

2024 டிசம்பரில் புது அரசு விதியை மாற்றியது. ஒரு நாடாளுமன்றக் காலத்துக்குள் 15 லட்சம் வீடு கட்டுவதாக வாக்குக் கொடுத்தவர்கள், நிலம் எங்கேயாவது கிடைக்க வேண்டுமே. கிரீன் பெல்ட்டுக்குள்ளேயே 'கிரே பெல்ட்' என்று ஒரு புது இனம் பிறந்தது. வளையத்தின் முக்கிய வேலைகளுக்குப் பெரிதாக உதவாத நிலமெல்லாம் அதில் சேரும். பெயரைக் கேட்டதும் பாழடைந்த கார் ஷெட்தானே மனசில் வருகிறது? எனக்கும் அப்படித்தான் வந்தது. எங்கள் கோதுமை வயலையும் இப்போது அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள்.

எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரர் விளக்கினார். வேறொரு மாவட்டத்தில் நகரமைப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துப் பக்கத்து 'நகரங்கள்' ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது என்பது விதி. கிராமங்கள் ஒட்டுவது அந்தக் கணக்கில் வராது. 2025-ல் வந்த வழிகாட்டுதல் இதைப் பட்டவர்த்தனமாகவே சொல்லிவிட்டதாம். ரெண்டு டவுன் ஒட்டினால் தப்பு, ரெண்டு ஊர் ஒட்டினால் ஒன்றுமில்லை. எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப்போயிற்று.

ஆட்சேபணையை முதல்முறை எழுதியபோது வானம்பாடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். மார்ச் மாதம் வயலுக்கு மேலே நின்ற இடத்தில் நின்று பாடும், கண்ணுக்கே தெரியாது. ஜன்னலைத் திறந்தால் தெரியும் அந்தக் காலை வெளிச்சத்தைப் பற்றி இன்னொரு பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் படித்துவிட்டு, "நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஒரு வரிக்கும் மதிப்பில்லை" என்றார். ஜன்னல் காட்சி போவது, வீட்டு விலை இறங்குவது இதையெல்லாம் அவர்கள் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். பறவை விஷயத்துக்கு கம்பெனிக்காரன் ஆய்வறிக்கை இணைத்திருப்பான், அதற்கு எண்ணிக்கையோடு பதில் சொல்ல வேண்டும். வண்டி எவ்வளவு ஓடும், பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதா, மழைத் தண்ணீர் எங்கே போகும், இதை எழுதச் சொன்னார். கவுன்சிலிடம் அடுத்த 5 வருஷத்துக்கு வீடு கட்ட நிலம் கையில் இல்லை என்றால் எங்கள் பக்கம் இன்னும் பலவீனமாம். இவர்கள் மறுத்தாலும் கம்பெனி அப்பீல் போகும், வெளியிலிருந்து ஒரு நகரமைப்பு இன்ஸ்பெக்டர் வந்து தீர்ப்பு சொல்வார்.

அப்புறம் ஊர்க் கூட்டம். பேரிஷ் கவுன்சில் ஹாலில், நம்ம கிராமசபை மாதிரி. அதிகாரம் கிடையாது, அபிப்பிராயம் சொல்லலாம், அவ்வளவுதான். அறுபது எழுபது பேர். தலையெல்லாம் நரை, என் தலை உட்பட. ஒரு அம்மா எழுந்து, "இது தெரியாதவர்கள் வந்து குடியேறுகிற இடமில்லை, இது ஊர்" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த ஹாலில் என் நிறத்தில் வேறு யாரும் இல்லை. நான் இருக்கும் தெருவும் 1970-களில் ஒரு ஆப்பிள் தோப்பை வெட்டிக் கட்டியதுதான். அப்போதும் இதே ஹாலில் இதே மாதிரி ஒரு அம்மா எழுந்து நின்றிருப்பார்.

வீட்டுக்கு வந்தால் பையன் லண்டனிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு முப்பத்தொன்று. சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது. "அப்பா, நீங்க எல்லாம் உள்ள ஏறிட்டு ஏணியை இழுத்துக்கிறீங்க" என்றான். இந்தப் புது விதிப்படி கிரீன் பெல்ட்டில் கட்டினால், வழக்கத்தைவிட 15 சதவீதப் புள்ளி கூடுதலாக, 50 சதவீதம் என்ற வரம்புக்குள், மலிவு வீடுகள் கொடுக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் விற்பனைக்கு வரும் மலிவு வீடு என்றால் பெரும்பாலும் சந்தை விலையில் இருபது சதவீதமாவது குறைவு என்று அர்த்தம். ஐந்து லட்சம் பவுண்டு வீடு நாலு லட்சம். அவனிடம் சொன்னேன். "தெரியும். அந்த நாலு லட்ச வீடும் இல்லாம இருக்கிறதுக்கு அது பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஆனாலும் எழுதினேன், மாப்ளே. ரெண்டாவது முறை உட்கார்ந்தபோது தண்ணீரைப் பற்றி மட்டும்தான் எழுத வந்தது. அந்த வயல் மேலே களிமண். குளிர்காலத்தில் தண்ணீர் குடிக்காது, தாழ்ந்த மூலையில் போய் நிற்கும். அங்கிருந்து வேலியோரப் பள்ளம் வழியாகக் கீழே ஓடையில் சேரும். சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருகிற ஓடை. உலகத்தில் இருக்கும் இந்த மாதிரி ஓடைகளில் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான் இருக்கிறதாம். கம்பெனி வரைபடத்தில் அந்தத் தாழ்ந்த மூலையில் ஒரு குளம் போட்டிருக்கிறார்கள், கூரைத் தண்ணீரைத் தேக்கி மெதுவாக விடுவதற்கு. ஜனவரியில் அந்த இடமே குளம்தான், குளத்துக்குள் குளம் வெட்டி என்ன செய்வது? நாலு வருஷமாக நாய் கூட்டிப்போகும்போது எடுத்த படங்களைத் தேதியோடு இணைத்தேன். பள்ளத்தின் மேல் ரோடு போட்டுவிட்டால் மேல்பக்கத்து வயலில் தண்ணீர் எதிர்த்து நிற்கும், அதற்குச் சொந்தக்காரருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இது எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்றார்.

எங்கே கற்றுக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும்.

1998-ல் இந்த வீட்டுக்கு முன்பணம் கட்ட அப்பாவின் ஆறு மா நிலத்தை விற்றேனே. வாங்கியவர் நாலு வருஷம் நட்டார், அப்புறம் கல் நட்டார். பெயர்ப் பலகையோடு நகர் ஆகிவிட்டது. வடக்கு வாய்க்காலைத் தூர்த்துப் பாதை போட்டதையும், அதிலிருந்து ஐப்பசி அடைமழைக்கு உன் வயலில் பயிர் மூழ்கி நிற்பதையும் நீ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. போன தடவை வந்தபோது தங்கச்சிதான் சோறு போட்டுக்கொண்டே சொன்னது. சொல்லிவிட்டு, "அண்ணன் மனசுல வச்சுக்காதீங்க" என்றது. எப்படி வைக்காமல் இருப்பது?

நம்ம காவிரி டெல்டாப் பக்கத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-ல் சட்டம் போட்டபோது நான் உனக்குப் போன் போட்டுச் சந்தோஷப்பட்டேன். நீ சிரித்தாய். துத்தநாக உருக்காலை கூடாது, புதிதாக எண்ணெய்க் கிணறு கூடாது என்று பட்டியல் இருக்கிறது, பிளாட் போடக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லையே என்றாய். உன் சிரிப்பு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

ஆட்சேபணையை வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பிவிட்டேன். முடிவெடுக்க கவுன்சில் கமிட்டி கூடும் அன்று பேச மூன்று நிமிஷம் தருவார்களாம். ஊர்க்காரர்கள் என்னைப் பேசச் சொல்கிறார்கள், தண்ணீர் விஷயம் நான்தான் நன்றாகச் சொல்கிறேனாம். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

புரோக்கருக்கு நீ என்ன பதில் சொல்வாயோ, அது உன் நிலம், உன் முட்டி, உன் பேத்தி. விற்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு ஒன்று மட்டும் செய். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணி உங்கள் மதகுக்கு வந்ததும், அந்த வடக்கு வாய்க்கால் அடைபட்ட இடத்தை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. பாதைக்கு அடியில் சிமெண்ட் குழாய் பதிக்க எத்தனை அடி வேண்டும், ஜேசிபிக்கு மணிக்கு என்ன வாடகை, நகர்க்காரர்களில் யாரிடம் பேசினால் நடக்கும் என்று விசாரித்து வை. செலவு என்னுடையது. நீ மறுக்கப் பார்ப்பாய் என்று தெரியும், அதனால் தங்கச்சியிடமும் தனியாகச் சொல்லிவிட்டேன்.

முட்டிக்குக் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, வெறும் வயிற்றில் வேண்டாம்.

உன்,
மாப்ளே