குண்டு வேறு, தோட்டா வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேப்பரை முப்பது வருஷமாக வாங்குகிறேன், அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன். எங்காவது பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் நாலு ஈயக் குண்டு கிடைத்தால் உடனே "தோட்டாக்கள் சிக்கின, அப்பகுதியில் பரபரப்பு" என்று போட்டுவிடுகிறீர்கள். நீங்கள் மட்டும் இல்லை, எல்லாப் பேப்பரும் அப்படித்தான். ஆனால் குண்டு வேறு, தோட்டா வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு, இந்த நாலும் சேர்ந்தால்தான் தோட்டா. குண்டு மட்டும் தனியாக இருந்தால் அது வெறும் ஈயம். சுத்தியலால் அடித்தால் நசுங்கும், அவ்வளவுதான். வெடிக்க அதில் ஒன்றும் இல்லை.

சொல் சுத்தத்துக்காக இதை எழுதவில்லை. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அல்சூரில் எங்கள் வீட்டில் நடந்த கூத்துதான் எழுத வைத்தது.

காலமான பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தோம். வாலிபத்தில் அவர் ஒரு ரைபிள் கிளப்பில் எடுபிடியாக இருந்தவர், டார்கெட் ஒட்டுவது, துரைமார்களுக்கும் அப்புறம் வந்த ஷிகாரிகளுக்கும் தோட்டா கட்டிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. 1972ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை நின்றதும் பெட்டியை மூடினவர் பிறகு திறக்கவே இல்லை. உள்ளே ஒரு அட்டைப் பெட்டி, வெளிநாட்டுச் சரக்கு, லேபிளில் ".32, 98 கிரெய்ன்" மட்டும் படிக்க முடிந்தது, முதலாவது அங்குலத்தில் குண்டின் பருமன், கிரெய்ன் என்பது எடை அளவு. திறந்தால் உள்ளே ஈயக் குண்டுகள், பார்த்ததும் மருமகள் கத்தினாள். மாடி வீட்டுக்காரர் ஓடி வந்து, "வெடிச்சிடும் சார், முதல்ல தண்ணியில போடுங்க" என்று அவரே பக்கெட்டில் கொட்டிவிட்டார். கட்டிடமே எங்கள் வாசலில் நின்றது. எண்பத்து நாலு வயசுப் பெரியம்மா மட்டும் கட்டிலில் உட்கார்ந்தபடியே, "அது அவர் பேப்பர் சுடுறவங்களுக்கு வச்சிருந்ததுடா, மருந்து சாமானை வீட்டுக்குள்ள விடமாட்டார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யார் கேட்டார்கள்?

நான் டூல் ரூமில் முப்பத்தி நாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். ஒன்றைத் துடைத்துப் பார்த்ததுமே இது உருக்கி வார்த்ததில்லை என்று தெரிந்தது. வார்த்த குண்டில் அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் கோடு தெரியும், ஈயம் ஊற்றின வாயை வெட்டின தழும்பும் இருக்கும். இதில் இரண்டுமே இல்லை. ஈயக் கம்பியைத் துண்டு போட்டு, டை என்கிற அச்சில் வைத்து, சூடே காட்டாமல் பஞ்ச் என்கிற உலோகக் கோலால் அழுத்தி எடுத்தது. இதற்கு ஸ்வேஜிங் என்று பெயர். டையில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள், கூடுதல் ஈயம் அதன் வழியே புழு மாதிரி பிதுங்கி வெளியே போய்விடும், அதனால் ஒவ்வொரு குண்டும் எடை பிசகாமல் வரும். தெரிந்த நகைக்கடைத் தராசில் பத்து குண்டு நிறுத்துப் பார்த்தேன், எல்லாமே 6.35 கிராமை, அதாவது லேபிளில் இருந்த 98 கிரெய்னை ஒட்டித்தான் இருந்தன. இந்த வேலைக்கு ஈயம் மெத்தென்று இருக்க வேண்டும், ஆன்டிமனி கலந்து கெட்டியாக்கினால் பிரஸ் முக்கும். நகத்தால் கீறினாலே கோடு விழுகிறது. அதனாலேயே இதை வேகமாகச் சுடக் கூடாது, ஈயம் வழிந்து துப்பாக்கிக் குழலின் உள்ளே வெட்டியிருக்கும் வரியில் அப்பிக்கொள்ளும். பேப்பர் டார்கெட்டுக்கு மெதுவாகப் போனால் போதும், முன்பக்கம் மொட்டையாக இருப்பதால் பஞ்ச் அடித்த மாதிரி சுத்தமான வட்ட ஓட்டை விழும், பாயின்ட் எண்ணுவதில் சண்டை வராது.

டெக்ஸாஸில் இருக்கும் அண்ணன் பையனுக்குப் போட்டோ அனுப்பினேன். இந்த மாதிரி பழைய பெட்டியை அங்கே தேடிப் பிடித்து வாங்குகிறார்களாம் சித்தப்பா என்றான். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே தோட்டா கட்டுவது, நம் ஊரில் மாடித் தோட்டம் போடுவது மாதிரி, ஒரு பொழுதுபோக்கு. ஆர்சிபிஎஸ் என்று அதற்குக் கருவி செய்கிற பெரிய கம்பெனி, 1943ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, அந்தப் பெயரே "ராக் சக் புல்லட் ஸ்வேஜ்" என்பதன் சுருக்கம்தானாம். சுட்டுப் போட்ட .22 கூட்டை எடுத்து அதையே குண்டுக்கு மேல்சட்டையாக்கும் டை செய்து பிழைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு ஃபிட்டராக எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் வெடிக்குமா வெடிக்குமா என்று பார்த்தோமே தவிர, குண்டுகளின் மேல் மாவு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. அட்டையும் மரமும் காலப்போக்கில் விடுகிற புளித்த ஆவி பட்டு ஈயம் அரித்து வருகிற பொடி அது. பழைய காலத்தில் ஈயத்தையும் காடியையும் சேர்த்து வைத்து வேண்டுமென்றே இதைச் செய்து வெள்ளைப் பெயின்டில் கலந்தார்கள். சுத்தமான விஷம். எங்கள் ஐந்து வயசுப் பேத்தியோ பக்கெட்டிலிருந்து மூன்றை எடுத்து ஜன்னலில் கொலு வைத்திருந்தாள். மச்சான் தூண்டில் குண்டுக்கு ஆகும் என்று மீதியைச் சமையல் அடுப்பிலேயே உருக்கப் பார்த்தார். 327 டிகிரியில் உருகிவிடும், அவருக்கு அது சுலபம், நல்லவேளை பெரியம்மா விடவில்லை. "ஏன், ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே" என்று மச்சான் கேட்டார் பாருங்கள். அந்தச் சொம்பு வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம். தமிழில் இரண்டுக்கும் "ஈயம்" என்று ஒட்டிக்கொண்டதில் எத்தனை வீட்டில் இந்தக் குழப்பம் இருக்கிறதோ. ரத்தத்தில் காரீயம் இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு அது மூளையில் போய் உட்காரும். பேத்திக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம், குறைவாகத்தான் இருந்தது, டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார்.

இனி சட்டம். வக்கீலாக இருக்கும் மருமகன் எடுத்துக் காட்டினான். 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டம் 2வது பிரிவில் தோட்டாவின் பாகங்களையும் தோட்டா என்றே எண்ணுகிறது, அதனால் போலீஸ் கேள்வி கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதே சட்டத்தின் 45வது பிரிவு, மற்ற பாகங்களோடு சேர்த்து உபயோகிக்கும் எண்ணம் இல்லாமல் சின்னப் பாகங்களை வைத்திருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. துப்பாக்கியும் இல்லை, மருந்தும் இல்லை, ஒரு கிழவரின் ஞாபகப் பெட்டி மட்டும் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் வீசத் தேவையில்லை. நாங்கள் எழுத்தில் கொடுத்து ஒப்படைக்கப் போனோம். காவல் நிலையத்தில் இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று தடவை நடக்க விட்டார்கள், நாலாவது தடவை வாங்கிக்கொண்டு முத்திரை போட்ட நகல் கொடுத்தார்கள்.

இன்னொன்று. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வாங்கினதிலிருந்து எங்கள் தெருவிலேயே மூன்று பிள்ளைகள் ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகிறார்கள். அதில் போடுகிற பெல்லட் என்கிற அரை கிராம் குண்டும் பெரும்பாலும் இதே மாதிரி அழுத்தி எடுத்த மெத்து ஈயம்தான். பயிற்சி முடிந்த கையோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள், சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள் என்று பெற்றோருக்கு நீங்கள் ஒரு வரி போட்டால் நன்றாயிருக்கும். தோட்டா, குண்டு இரண்டையும் பிரித்து எழுதினால் இன்னும் நன்றாயிருக்கும்.

அந்தப் பக்கெட் தண்ணீரை மாடி வீட்டுக்காரர் எங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியிருந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. செடியைப் பிடுங்கி மண்ணையும் அள்ளிவிட்டோம். பெரியப்பா நட்ட செடி அது, பெரியம்மா மாடி வீட்டுக்காரரோடு இன்னும் பேசவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.